காத்தண்ணாச்சியின் வலது கை

மனுசர்களை முகத்தை வைத்து அடையாளம் பார்க்காமல் டயரை வைத்து அடையாளம் பார்த்த ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் காத்தண்ணாச்சிதான். வேறு ஊரில் இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால், அவரை மேலகரத்துக்குக் கூட்டி வாருங்கள். என் மெஸ்ஸில் வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்புகிறேன். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் ஸ்டாப்பில் என் மெஸ். அதை ஒட்டி அவருடைய பஞ்சர் கடை. இந்தப் பக்கம் நான் தோசை ஊற்றினால் ‘சுர்’ என்று சத்தம். அந்தப் பக்கம் அவர் டயரில் காற்றைப் பிடுங்கினால் ‘சுர்’ என்று சத்தம். முப்பது வருசம், இரண்டு சுர்ருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி என்பதால் நானும் அவரை அண்ணாச்சி என்பேன். அவரோ என்னை மைனி, அதாவது அண்ணி, என்பார். அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள் எப்படி மைனியாவாள் என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது இரண்டு மூன்று தடவை முறை கேட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அண்ணாச்சியிடம் முறை கேட்டு ஜெயித்தவர் கிடையாது.

ஒரு நாள் பாங்க் மேனேசர் ஒருவர் மெஸ்ஸுக்கு நடந்து வந்தார். வாரம் தவறாமல் அண்ணாச்சியிடம் காற்று பிடிக்கிறவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு எதிரே நின்று, “என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?” என்றார். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தெரியலையே, நீங்க யாரு?” என்றார். மேனேசருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. “நான்தான் அண்ணாச்சி, வெள்ளைக் கார்...” என்று இழுத்தார்.

அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட, முன்னால எடது பக்கம் உள்வாட்டமாத் தேயுமே, அவுகளா நீங்க! அதை மொதல்லயே சொல்லப்படாதா? வீட்ல எல்லாரும் சொகமா? பின்னால வலது பக்கம் எப்படி இருக்கு?”

அவர் கல்யாணம் கட்டாமல் போனதும் டயரால்தான். வாலிபத்தில் வீரகேரளம்புதூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போயிருக்கிறார். பெண்ணை வெளியே கூட்டி வருவதற்குள் வாசலில் நின்றிருந்த, பெண்ணின் அப்பாவுடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்திருக்கிறார். டயரில் நூல் தெரிந்திருக்கிறது. “டயரையே இப்படி வச்சிருக்கிற மனுசன் மாப்பிள்ளைய எப்படி வச்சிருப்பாரு?” என்று கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்தாள் என்று நான் சொல்லுவேன். அவரும் ஆமாம் என்பார்.

எல்லாப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பார்க்க ஒரு மீட்டர் இருக்கும். இவர் கடையில் கிடையாது. வலது கையை விரித்து டயரின் கன்னத்தில் ஒரு அறை. காதைச் சாய்த்து ஒரு விநாடி. பிறகு, “இருவத்தெட்டு” என்பார். சந்தேகப்பட்டவர்கள் தென்காசி வரை போய் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கும்பிட்டிருக்கிறார்கள். கடை நெற்றியில் பெயர் கிடையாது. ஒரு பெரிய உள்ளங்கை படம் மட்டும் எழுதியிருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் கைரேகை ஜோசியம் என்று நினைத்து வண்டியை நிறுத்தி, கையை நீட்டிக்கொண்டு இறங்குவார்கள். தேர்தல் வந்தால் அதிகாரிகள் வந்து அந்தக் கைக்குச் சாக்கு கட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மாதமும் அண்ணாச்சி தமது சொந்தக் கையையே கட்டிப் போட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்.

அந்தக் கைக்கு அவர் செய்த பணிவிடை இருக்கிறதே, பெற்ற பிள்ளைக்குச் செய்ய மாட்டார்கள். சூடு பட்டால் கை மரத்துவிடுமாம். அதனால் என் மெஸ்ஸில் இட்லியைக் கரண்டியால் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். சாரல் காலத்தில் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குற்றாலம் மெயினருவிக்குப் போவார். அருவித் தண்ணீர் ஓங்கி அடித்தால் கை செவிடாகிவிடுமாம். பெண்கள் பக்கம் நின்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆளே தெரியாது. வெள்ளைத் தண்ணீருக்கு வெளியே முழங்கை வரைக்கும் ஒரு வலது கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ மூச்சு முட்டிப் போகிறார் என்று வெளியூர்க்காரர்கள் இரண்டு தடவை அவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கம் உண்டு. டயரிலிருந்து பிடுங்கிய ஆணியை அவர் தூர எறிய மாட்டார். துடைத்து, காகிதத்தில் மடித்து, காருக்கு உடையவர் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது அந்த ஆணியின் ஜாதகத்தையும் சொல்லுவார். இது லாட ஆணி, இது கட்டில் ஆணி, இது உள்ளே போய் நாலு நாள் ஆச்சு, இது இன்று காலையில் ஏறியது. எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் வம்பு. ஒரு சீசனில் புருசனும் பெண்சாதியுமாக ஒரு கார் வந்தது. அண்ணாச்சி ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது பந்தல்காரன் ஆணி. ஏறி ரெண்டு நாள் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போயிருந்தியளோ?”

பெண்சாதி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். “முந்தா நேத்து ஆபீஸ்ல மீட்டிங்னு சொன்னீங்க?”

அவர்கள் அருவிக்குப் போகவில்லை. கார் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அண்ணாச்சி என்னிடம் வந்து, “நல்ல ஆணி மைனி, பாவம், என்னமோ பேசிக்கிட்டே போறாவ” என்றார்.

இந்தக் கைப் பெருமை முற்றிப் போய் ஒரு சபதமும் செய்து வைத்திருந்தார். யாராவது மீட்டர் வாங்கக் கூடாதா என்று கேட்டால், அவர் சொல்லுவது ஒரே பதில்தான். “என் கை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பாச் சொல்லட்டும். அன்னைக்கே ஷட்டர எறக்கிட்டுப் போயிருவேன்.” முப்பது வருசமாகத் தினமும் சொன்னார். ஷட்டர் இறங்கவே இல்லை.

அப்படி இருக்கையில்தான் எனக்குக் கார் வந்தது.

ஏழெட்டு வருசம் இருக்கும். அதற்கு முந்தின மழையில், புனலூரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சியைப் பார்க்க வாடகைக் காரில் போனபோது புளியரை மலை ஏற்றத்தில் டயர் வெடித்து, மூன்று மணி நேரம் நனைந்துகொண்டு நின்றேன். பெங்களூரில் இருக்கும் என் மகன் செல்வத்துக்கு அது பொறுக்கவில்லை. “ஒண்ணு மெஸ்ஸை மூடிட்டு என்கூட வா. இல்லேன்னா நான் சொல்ற கார்ல போ” என்றான். மெஸ்ஸை நான் மூடுவதாவது? அவன் ஓட்டிக்கொண்டிருந்த பெரிய கார் வந்து வாசலில் நின்றது. ஓட்டுவதற்குச் சுடலை. ஐம்பது வயசு. வண்டிக்கு நன்றாகப் பிரேக் போடுவான், பேச்சுக்குத்தான் பிரேக் கிடையாது.

அண்ணாச்சி காரை ஒரு சுற்று வந்தார். நாலு டயருக்கும் ஒவ்வோர் அறை. முகம் மாறிவிட்டது.

“என்ன மைனி இது, தட்டுனா செவத்துல தட்டுன மாதிரிலா இருக்கு? ஏலே சுடலை, டிக்கியத் திற. ஸ்டெப்னியப் பாப்போம்.”

சுடலை திறந்தான். அண்ணாச்சி விரிப்பைத் தூக்கினார். அடியில் ஒன்றும் இல்லை.

“ஸ்டெப்னி எங்கலே? களவு போயிட்டா?”

“இந்த வண்டிக்கு அது கெடையாது அண்ணாச்சி. கம்பெனியிலயே கெடையாது.”

அண்ணாச்சி டிக்கிக்குள் தலையை விட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சாவு வீட்டில் பெட்டியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் செல்வத்துக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அண்ணாச்சி, அது ரன்ஃப்ளாட் டயர்” என்றான் செல்வம். “பக்கச் சுவரைக் கெட்டியாச் செஞ்சிருப்பாங்க. காத்து சுத்தமா இறங்கிட்டாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும். ஸ்பீடு மட்டும் எண்பதுக்கு மேல போகக் கூடாது. வழியில இறங்கி வீல் மாத்த வேண்டாம், அதனால ஸ்டெப்னி இல்ல.”

“காத்து இல்லாமயா ஓடும்?”

“ஆமா அண்ணாச்சி.”

“காத்தே இல்லாம?”

“ஆமா.”

“ஏல செல்வம், உசுரு போன பொறவு மனுசன் எந்திரிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவானாலே?”

செல்வம் சிரித்துவிட்டான். “காத்து இறங்குனா உள்ள ஒரு லைட் எரியும் அண்ணாச்சி. அதைப் பாத்துக்கிட்டாப் போதும். தட்டிப் பார்க்கவே வேண்டாம்.”

கடைசியில் சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கும் அந்தக் காருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கும் அந்த டயர்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. இலஞ்சி ரோட்டுப் பள்ளத்தில் ஏறி இறங்கினால் என் வெற்றிலைப் பெட்டி மடியிலிருந்து எகிறிச் சுடலையின் தோளில் போய் உட்காரும். ஆனால் அதை நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. என் கார், என் டயர். விட்டுக் கொடுப்பேனா?

தங்கச்சி மகளுக்குப் புனலூரில் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். பத்தரை மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். வீட்டுக்கு மூத்தவள் நான். என் கையால்தான் தட்டு மாற்ற வேண்டும் என்று தங்கச்சி ஒற்றைக் காலில் நின்றாள். விடிந்ததும் பட்டுச்சேலை கட்டிக் காரில் ஏறி உட்கார்ந்தேன். சுடலை சாவியைத் திருப்பினான்.

“ஆச்சி, லைட்டு எரியுது.”

எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக, அடுப்பில் ஏற்றிய சட்டி மாதிரி ஒரு படம். சட்டிக்குள்ளே ஒரு குத்துக்கோடும் அதற்கடியில் ஒரு புள்ளியும். எனக்குப் படிப்பு மூணாம் வகுப்போடு சரி. ஆனாலும் அடுப்பில் சட்டி தீய்கிறது என்றால் எந்தப் பொம்பளைக்கும் விளங்கும். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

அவர் வேண்டாவெறுப்பாக வந்தார். நாலு டயரையும் அறைந்தார். பின்னால் இடது பக்கத்தை மட்டும் இரண்டு தடவை அறைந்து காதைச் சாய்த்தார்.

“முப்பத்திரெண்டு. நாலும் முப்பத்திரெண்டு. லைட்டு பொய் சொல்லுது மைனி. போயிட்டு வாங்க.”

“அண்ணாச்சி, நல்ல காரியத்துக்குப் போறேன். மலையில நின்னுட்டா எந்தங்கச்சி மொகத்துல நான் முழிக்க முடியாது.”

“என் கை என்னைக்காவது பொய் சொல்லியிருக்கா?”

அதற்கு மேல் என்ன பேசுவது? புறப்பட்டோம். செங்கோட்டை தாண்டியும் சட்டி அணையவில்லை. ஒரு வெற்றிலையை மடித்து அதன்மேல் செருகி மறைக்கச் சொன்னேன். புளியரை ஏற்றம், ஆரியங்காவு, தென்மலை. வழியெல்லாம் பின்னால் இடது பக்கம் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். “ரோடு சரியில்ல ஆச்சி” என்றான் சுடலை. “ரோடு சரியில்லதான்” என்றேன் நானும். ஒன்பதரைக்குப் புனலூர் போய்ச் சேர்ந்தோம். என் கையால் தட்டு மாற்றினேன்.

சாப்பிட்டு வெளியே வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என் கார் டயர் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். கையில் மீட்டர்.

“அம்மச்சி, இதில் காற்றே இல்லல்லோ!”

பார்த்தேன். மீட்டர் முள் அசையவே இல்லை. மேலகரத்திலிருந்து மலை ஏறி இறங்கிப் புனலூர் வரைக்கும் செத்த டயரில் வந்திருக்கிறோம். சாதா டயராக இருந்திருந்தால் இந்நேரம் பட்டுச்சேலையோடு புளியரையில் நின்றிருப்பேன். ஆனால் எனக்கு வந்த பயம் என்னைப் பற்றியது இல்லை. மேலகரத்தில் ஒரு ஷட்டர் இருக்கிறதே, அதைப் பற்றியது.

அங்கே ரன்ஃப்ளாட் கிடைக்கவில்லை. அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் சாதா டயர் போட்டு, செத்ததை டிக்கியில் போட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பினோம். வரும் வழியிலேயே சுடலையிடம் சொல்லி வைத்தேன். “ஆணி புனலூர்ல வச்சு ஏறிட்டுன்னு சொல்லணும், கேட்டியாலே?” அவன் தலையை ஆட்டினான்.

கடை வாசலில் இறங்கியதும் சுடலை ஆரம்பித்தான். “அண்ணாச்சி, புனலூர்ல வச்சு ஆணி ஏறிட்டு. சத்தியமாப் புனலூர்லதான். அந்தத் தெருவுல அவ்வளவு ஆணி கெடக்கு அண்ணாச்சி...”

“போதும்லே” என்றேன்.

அண்ணாச்சி செத்த டயரைத் தரையில் போட்டு ஆணியைப் பிடுங்கினார். வேட்டியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுடலை மெல்ல எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

“தகரம் அடிக்குத ஆணி” என்றார் மெதுவாக. “தலை ரோட்டுல ஒரசிப் பளபளன்னு தேஞ்சிருக்கு. கழுத்துல துரு. உள்ள போயி ஒரு வாரம் இருக்கும். உங்க மெஸ்ஸுக்குப் பின்னால கூரை மாத்துனாவள்லா, அங்கன ஏறுனது மைனி.”

பிறகு டயருக்குள் கையை விட்டுத் தடவி வெளியே எடுத்தார். விரலெல்லாம் கறுப்புத் தூள். “காலையில நான் தட்டும்போதே இதுல காத்து இல்ல.”

வழக்கம்போல ஆணியைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே போனார். ஷட்டர் இறங்கியது. சாயங்காலம் நாலு மணி, நல்ல சீசன், வாசலில் இரண்டு கார் நிற்கிறது.

மூன்று நாள் திறக்கவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில்தான் அவர் குடியிருப்பு. காற்றுப் பிடிக்க வந்தவர்கள் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்கும் வரவில்லை. கொடுத்து அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. மெஸ்ஸில் அவருடைய கரண்டி கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. தோசை ஊற்றுவேன். சுர். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அடுத்த தோசை. சுர். சத்தமில்லை. முப்பது வருசமாக அந்தச் சத்தத்தைத் தொந்தரவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் செல்வம் தினமும் போன் செய்தான். மிச்சம் மூன்று டயரும் தேய்ந்துவிட்டன, நாலையும் புதிதாக மாற்ற வேண்டும். “மறுபடியும் ரன்ஃப்ளாட் போடவா, இல்ல ஸ்டெப்னியோட சாதா டயரே போட்டுருவமா? எனக்கு ரன்ஃப்ளாட்தான் நல்லதுன்னு படுது. ஆனா அங்க ஓட்டப் போறது நீங்க. அண்ணாச்சிகிட்ட கேளும்மா. அவர் சொல்றதையே போட்டுருவோம்.”

மூன்றாம் நாள், செத்த டயரை நானே உருட்டிக்கொண்டு போய் அவர் அறை வாசலில் சாத்தினேன். கதவைத் தட்டினேன்.

“அண்ணாச்சி, என் மெஸ்ஸுல முப்பது வருசத்துல ஒரு நாள் சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன். நான் மெஸ்ஸை மூடினேனா?”

உள்ளேயிருந்து “ஒரு நாள் இல்ல” என்று குரல் வந்தது. “மூணு நாள்.”

“என்னது?”

“மூணு நாள் மைனி. நான் பேசாமத் தின்னுட்டுப் போனேன்.”

எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. ஆனால் கதவு திறந்துவிட்டது. தாடி முளைத்து நின்றார். அந்த வலது கையைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தார். செல்வம் சொன்னதைச் சொன்னேன். அண்ணாச்சி சொல்வதுதான் முடிவு என்றேன். அவர் டயரைப் புரட்டிப் பார்த்தார். “சும்மா வாயால சொல்லப்படாது. நிறுத்துப் பாக்கணும்” என்றார்.

எதிரே புளி மண்டியில் பழைய தொங்குதராசு ஒன்று உண்டு. ஒரு தட்டில் செத்த ரன்ஃப்ளாட்டை வைத்தார். இன்னொரு தட்டில் கடையிலிருந்து அதே அளவில் ஒரு சாதா டயரை எடுத்து வந்து வைத்தார். ரன்ஃப்ளாட் பக்கம் ‘தொம்’ என்று தாழ்ந்தது. சாதா டயர் இருந்த தட்டில் புளியைப் போட்டார். இன்னும் போட்டார். முள் நடுவில் நிற்பதற்கு இரண்டரைக் கிலோ புளி ஆயிற்று. மண்டிக்காரர், “அண்ணாச்சி, டயர்ல புளிக்கொழம்பா வைக்கப் போறிய?” என்று கேட்டார். அண்ணாச்சி இரண்டு டயரையும் இறக்கித் தரையில் நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஏறி உட்கார்ந்தார். சாதா டயர் அமுங்கி அவரை மடியில் வைத்துக்கொண்டது. ரன்ஃப்ளாட் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு மாதிரி அப்படியே இருந்தது.

“மைனி, கேட்டுக்கிடுங்க. சாதா டயர்னா பூ மாதிரிப் போவும். ஆணி ஏறுனா ஒட்டலாம். எந்த ஊர்லயும் கெடைக்கும். வெலையும் பாதி. காத்து இறங்கிட்டுன்னா உக்காந்து அழுதுரும், கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். இது கனம். பள்ளத்துல விழுந்தா உங்க இடுப்பு போயிரும். ஒரு தடவை காத்தில்லாம ஓடுச்சுன்னா ஒட்டி ஒரு பிரயோசனமும் இல்ல, உள்ளுக்குள்ள அரைச்சுருது. புதுசுக்குத் திருநெல்வேலிக்குச் சொல்லிவிடணும்.”

“அப்பம் சாதாவே போடச் சொல்லிருதேன்.”

அவர் தலை ஆட்டவில்லை. சாதா டயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கை ஜெயித்த மாதிரி. மீட்டரும் வேண்டாம், மஞ்சள் சட்டியும் வேண்டாம். ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பழையபடி உட்கார்ந்துவிடலாம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“அன்னைக்குச் சாதா டயரா இருந்தா என் கை கண்டுபிடிச்சிருக்கும்” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“ஒட்டிக் குடுத்திருப்பேன். போயிருப்பிய. ஆனா அதே ஆணி புளியரை ஏத்தத்துல ஏறியிருந்தா?” சட்டைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தார். “அங்கன என் கை இல்லையே மைனி. ரன்ஃப்ளாட்டே போடச் சொல்லுங்க.”

அந்தக் கையைச் செத்த டயர்மேல் வைத்தார்.

“ஆனா ஒண்ணு. இந்த டயரு உங்கள மாதிரி. உள்ள காத்தே இல்ல, வெளியில ஒருத்தருக்கும் காட்டாமப் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடுது. உங்க வீட்டுக்காரரு, எங்க அண்ணன், போன பதினேழாம் நாளு இட்லிக் கொப்பரைய ஏத்துனியள்லா? எல்லாரும் மைனி தேறிட்டாவன்னு சொன்னாவ. நானும் செவத்துல காதை வச்சுப் பாத்துட்டு, சரியாத்தான் இருக்குன்னு நெனைச்சேன். சாம்பார்ல மூணு நாள் உப்பு கூடுன பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது.”

முப்பது வருசம் பக்கத்துக் கடைக்காரர். மனுச முகமே அடையாளம் தெரியாதவர்.

“தராசுல இருந்து புளிய எடுங்க அண்ணாச்சி. ஆளுக வேலைய பாக்கணும்” என்றேன்.

“எடுக்கேன். கம்பெனிக்காரன் சொன்னான், செல்வம் சொன்னான்னு ஸ்டெப்னி இல்லாமப் போவாதிய. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓடுதவுகளுக்குத்தான் ஸ்டெப்னி வேணும்.”

மறுநாள் ஷட்டர் உயர்ந்தது. சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் அந்தத் தகர ஆணி அடித்திருந்தது. அவர் திருப்பிக் கொடுக்காத ஒரே ஆணி. அதில் புத்தம்புது மீட்டர் ஒன்று தொங்கியது. அதற்குப் பிறகும் முதலில் ஓர் அறை, ஒரு நம்பர், அப்புறம்தான் மீட்டர். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் மீட்டருக்கும் ஓர் அறை விழும்.

சாதா டயர் மாட்டிய சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்து அவரே கொண்டுவந்து என் காரில் வைத்தார். டிக்கியில் இடமில்லை, பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வருகிற காய்கறி மூட்டை அங்கேதான் ஏறும். அதனால் பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார். செல்வம் ஊருக்கு வரும்போதெல்லாம் சிரிப்பான். இந்த டயருக்கு அது வேண்டவே வேண்டாம் என்பான்.

போன சாரலுக்கு முந்தின சாரலில் காத்தண்ணாச்சி போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மாதம் ஒரு தடவை நான் புனலூர் போகிறேன். அந்த ஸ்டெப்னியின் கனத்துக்கு, பின் சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் கீக்கீ என்று கத்தும். சுடலை இறங்கி வந்து ஸ்டெப்னிக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டுப் போவான்.

அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று காருக்கு நினைப்பு. நான் மறுத்துப் பேசுவதில்லை.